ஒப்புரவும் ஊர்த்திரையும்

ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் கூடி ஓர் ஊரில் திரையிடல் நடத்தும்போது, அவர்கள் செய்வது தானமா அல்லது வேறுவகை அறமா என்னும் வினா எழுகிறது. இல்லாதவருக்கு இருப்பவர் கொடுப்பதாகிய ஈகையையும், ஊரோடு ஒன்றி அனைவருக்கும் பயன்படுமாறு வாழ்வதாகிய ஒப்புரவையும் திருக்குறள் தனித்தனி அதிகாரங்களில் பேசுகிறது. ஈகையில் கொடுப்பவர், பெறுபவர் என்ற ஏற்றத்தாழ்வு எஞ்சிநிற்க, ஒப்புரவில் கொடுத்தவரும் பயன்பெறுவோருள் ஒருவராகிறார்.

தமிழில் 1977இல் 'அக்ரகாரத்தில் கழுதை' படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம், 1984இல் நண்பர்களுடன் கேரளத்தில் தொடங்கிய ஒடேசா என்னும் திரைப்பட இயக்கம் இத்தகைய ஒப்புரவுக்குத் தக்க சான்றாகும். சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களை ஊர்தோறும் திரையிட்டு, மக்களிடம் சிறுதொகைகளாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு 'அம்மா அறியான்' படத்தை 1986இல் உருவாக்கி, அதை அம்மக்களிடமே கொண்டுசென்ற அவ்வியக்கத்தில், பார்வையாளரே தயாரிப்பாளராகவும் விளங்கியமையால், வள்ளல் என்றொருவருக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று.

ஊதியம் பெறாத தன்னார்வலரின் உழைப்பை, பலனில் பற்று வையாமல் கடமையாற்றுதலாகிய நிஷ்காம கர்மம் என்றும் கருதலாம். எனினும், அதைப் பணத்தோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது. ஏனெனில், பணத்தைத் துறந்தவரும் தம் ரசனையே உயர்ந்தது என்னும் செருக்கைத் துறவாதிருக்கக்கூடும். ஆகவே, எந்தப் படத்தைத் திரையிடுவது என்று முடிவுசெய்யும் உரிமையையும் ஊராரோடு பகிரும்போதுதான் தன்னார்வலரின் உழைப்பு ஒப்புரவாகிறது.