எது கொடுந்தமிழ்?

சென்னையிலிருந்து தெற்கே பயணம் செய்வோர்க்குத் திண்டிவனமும் விழுப்புரமும் பெரும்பாலும் கடந்து செல்லும் ஊர்களே. ஆயினும், விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஐந்து திசைகளின் இருப்புப் பாதைகளும் கூடுகின்றன. அதன் நடைமேடையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பவர் தமிழின் பல குரல்களைக் கேட்பார். கொங்கு நாட்டார் 'ஏனுங்க' என்பார். நெல்லைச் சீமையார் 'ஏலே' என்று விளிப்பார். உள்ளூர்க்காரரோ 'வந்துகினு இருக்கேன்' என்பார். கேட்பவர் உதட்டில் மெல்ல ஒரு முறுவல் அரும்பும். அம்முறுவல் வியப்பின் பிள்ளையா, இகழ்ச்சியின் பிள்ளையா? சிறிய கேள்விபோல் தோன்றினும் இஃது அறம் சார்ந்த கேள்வி.

இப்பகுதி உழவர் 'கொல்லைக்குப் போகிறேன்' என்றால் தம் புன்செய் நிலத்திற்குச் செல்கிறார் என்பது பொருள். காவிரிக் கரையிலிருந்து வந்தவர்க்கோ கொல்லை என்பது வீட்டின் பின்புறம். அவர் நகைக்கக்கூடும். ஆனால் பண்டை இலக்கியத்தில் கொல்லை என்பது முல்லை நிலத்து விளைபுலத்தையே குறித்தது. அப்படியானால் பழம்பொருளைப் பேணிக் காத்தவர் யார்? பிற இடங்களில் நிலக்கடலை எனப்படுவது இங்கே மணிலா. மக்கள் வாயில் மல்லாட்டை. தென்னமெரிக்காவில் தோன்றிய அப்பயிர், பிலிப்பைன்சு நாட்டுத் தலைநகரின் பெயரைத் தாங்கி இம்மண்ணில் வேரூன்றியது. நாம் கொச்சை என்று தள்ளும் சொல்லுக்குள் ஒரு கடற்பயணமே மறைந்திருக்கிறது.

தொல்காப்பியர் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கைத் திசைச்சொல் என்று வகுத்தார். அதனைச் செய்யுளுக்கு ஆகாதென்று விலக்கவில்லை. செய்யுள் இயற்றுதற்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகவே ஏற்றார். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், செந்தமிழில் காப்பியம் பாடிய புலமையாளர். அவரே மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் வகுத்தார். 1728-இல் எழுதப்பெற்ற அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அப்பேச்சுத் தமிழுக்கு வழங்கிய பெயர் கொடுந்தமிழ். அதாவது வளைந்த தமிழ். பெயர் வளைவைச் சுட்டினும், அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டென்று அவர் கண்டார். மக்களோடு உறவாட விரும்பியவர் அவர்கள் பேச்சைக் கற்றார். தம் பேச்சுக்கு அவர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருக்கவில்லை.

உச்சரிப்பைக் கொண்டு ஆளை அளப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நீதித் தலைவர்கள் நூல் அஞ்சத்தக்க வகையில் காட்டுகிறது. யோர்தான் துறையில் கிலயாதியர் ஒரே ஒரு சொல்லை உச்சரிக்கச் சொல்லி எப்ராயிமியரை இனங்கண்டனர். 'ஷி' என்னும் ஒலி 'சி' என ஒலித்தவர் கொல்லப்பட்டனர். மாண்டோர் 42,000 பேர் என்கிறது அந்நூல். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவை அடையாளம் காட்டியதும் அவருடைய கலிலேயப் பேச்சே.

இன்று நம்மிடையே வாள் இல்லை; சிரிப்பு இருக்கிறது. நம் நாட்டில் பேச்சு ஊரை மட்டும் காட்டுவதில்லை. சாதியையும் வறுமையையும் சேர்த்தே காட்டிவிடுகிறது. ஆகவே அச்சிரிப்பு வெறும் ஒலியைப் பற்றியதன்று. வட்டாரப் பேச்சைக் கேலிப்பொருளாக்கிய திரைப்படங்கள் பல. வகுப்பறையில் தன் வீட்டுச் சொல்லுக்காக நகைக்கப்பட்ட சிறுவன் அடுத்த முறை கையை உயர்த்துவதில்லை. அலுவலகச் சாளரத்தின் முன் ஏளனத்துக்கு உள்ளான முதியவள் தன் குறையை முழுதும் சொல்லாமலே திரும்புகிறாள். பேச்சடங்கியவர்க்கு நீதி எப்படிக் கிட்டும்?

அப்படியாயின் பொதுத்தமிழ் வேண்டாவோ என்று வினவலாம். வேண்டும், உறுதியாக வேண்டும். குமரியில் எழுதிய மடலைத் திண்டிவனத்தில் படிப்பதற்கும், சட்டமும் மருத்துவமும் எல்லார்க்கும் விளங்குவதற்கும் அஃது இன்றியமையாதது. ஏழைப் பிள்ளைக்கு அதைக் கற்பிக்காமல் விடுவதும் அநீதியே. ஆனால் பொதுமொழி பாலமாக இருக்க வேண்டும். நீதிபதியின் இருக்கையாக அன்று. பாலத்தைக் கடப்பதற்காக எவரும் தம் கரையை இகழ வேண்டியதில்லை.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு கி. ராஜநாராயணன். இடைசெவலின் கரிசல் மண்ணில் பிறந்து, அவ்வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்த அவர், 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். 2021-இல் மறையும்வரை வாழ்ந்தது புதுச்சேரியில். தம் ஊர்ப் பேச்சை நேசித்தவர், வந்த இடத்தின் நாட்டுப்புறக் கதைகளையும் கேட்டுத் தொகுத்தார். விழுப்புரம், கடலூர் பகுதிகளை உள்ளடக்கிய நடுநாட்டின் சொற்களுக்குக் கண்மணி குணசேகரன் 2007-இல் சொல்லகராதி தந்தார். தன் தாயின் மொழியை மதிப்பவனுக்குப் பிறர் தாயின் மொழியையும் மதிக்கத் தெரியும்.

புதிய ஊரில் புரியாத சொல்லைக் கேட்கும் வழிப்போக்கர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, சிரித்துவிட்டு நகர்வது. மற்றொன்று, 'இதற்கு உங்கள் ஊரில் என்ன பொருள் ஐயா?' என்று கேட்பது. பின்னதைக் கேட்கும் கணத்தில் பாமரர் எனப்பட்டவர் ஆசிரியராகிறார், கற்றவர் மாணவராகிறார். நாவின் வளைவு எவரையும் தாழ்த்துவதில்லை. கேட்கும் செவி வளைந்திருந்தால், அதுவே கொடுந்தமிழ்.