இரவல் வாங்கிய வாய்

போன் எடுத்தால் ‘வணக்கம்’ சொல்லணும், யார் பேசறதுன்னு கேட்கணும், பெரியவங்களுக்கு முன்னால் டக்கென்று வைக்கக் கூடாது. ஆறு வயது மகளுக்கு இத்தனையும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஒரு மாலை மணி அடித்தது. இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சீட்டுப் பணம் கேட்டு வரும் அழைப்பு என்று தெரியும். இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினேன். “அப்பா வீட்ல இல்ல மாமா” என்றாள், கற்றுக்கொடுத்த அதே பணிவோடு. வைத்துவிட்டு என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப நீங்க எங்க இருக்கீங்க?”

வள்ளுவரிடம் ஒதுங்கப் பார்த்தேன். இனியவை கூறலைப் பத்தாம் அதிகாரத்தில் வைத்தவர், வாய்மையை முப்பதாவதில் வைக்கிறார். தீமை இல்லாத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் அந்த இடத்தில் நிற்கும் என்கிறார். ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1797-இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் துரத்தி வருபவனிடம்கூடப் பொய் ஆகாது என்றார். என் மனம் அதை ஏற்காது. வள்ளுவர் பக்கம்தான் நான். ஆனால் நான் காப்பாற்றியது யார் உயிரை? தவணை தள்ளிப்போன என் வெட்கத்தை. அதற்கு ஒரு குழந்தையின் வாயை இரவல் வாங்கினேன். அவள் குரலில் இருந்த மரியாதைதான் அந்தப் பொய்யை நம்பவைத்தது. இதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்த எண்ணை நானே சுழற்றினேன்.