வயது இரண்டு முறை வரும் கணக்கு

ரிப்போர்ட்டில் 160இல் 1 என்று இருந்தது. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘ஹை ரிஸ்க்’. எனக்கு அப்போது 38 வயது, கல்யாணமாகி ஒன்பது வருஷம். பன்னிரண்டு வாரம் தாண்டிய முதல் கர்ப்பம் அதுதான். கணவர் போனில் கால்குலேட்டரைத் திறந்தார். “0.6 பர்சென்ட்தான். 99.4 நம்ம பக்கம்.”

“நம்ம சர்வர் 99.4 பர்சென்ட் நேரம்தான் ஓடுச்சுன்னா, ராத்திரியோட ராத்திரியா எழுப்பி விட்டிருப்பாங்க” என்றேன். இரண்டு பேருமே சாஃப்ட்வேர். சிரித்தோம். அதற்கப்புறம் வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

அந்த எண் குழந்தையைப் பற்றி எதையும் பார்த்துச் சொன்னதில்லை. ஸ்கேனில் கழுத்துக்குப் பின்னால் அளந்த நீரின் தடிமன், என் ரத்தத்தில் இரண்டு பொருட்களின் அளவு, என் வயது. இவற்றை ஒரு மென்பொருளில் போட்டால் வருவது அது. இதே அளவீடுகளோடு 160 பெண்களை நிற்க வைத்தால், அதில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம். அந்த ஒருத்தி நானா என்று அதற்குத் தெரியாது. வயது மட்டும் வைத்துப் பார்த்தால், 30 வயதில் சுமார் 900இல் ஒன்று, 35இல் 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று.

மருத்துவர் மூன்று வழி சொன்னார். ஒன்று, என்.ஐ.பி.டி. தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் படிப்பது. 1997இல் டென்னிஸ் லோவின் குழு அந்த டி.என்.ஏ. தாயின் ரத்தத்தில் இருப்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து வளர்ந்த சோதனை. டவுன் சிண்ட்ரோமுக்கு 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஆனாலும் அதுவும் ஸ்கிரீனிங்தான், உறுதி கிடையாது. இரண்டு, அம்னியோசென்டசிஸ். 15 வாரத்துக்குப் பிறகு வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுப்பார்கள். அதுதான் உறுதியான பதில், கூடவே கரு கலைந்துபோகும் சிறிய ஆபத்தும் உண்டு. மூன்று, எதையும் செய்யாமல் இருப்பது. “வீட்ல யோசிச்சிட்டு வாங்க” என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் தொழிலில் தகவல் எப்போதுமே நல்லது. எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. அம்மாவிடம் போனில் சொன்னேன். திருநெல்வேலியிலிருந்து ஒரே கேள்விதான் வந்தது. “தெரிஞ்சு என்னட்டி செய்யப் போற?”

எரிச்சலாக வந்தது. வைத்த பிறகுதான் அது எங்கள் டீமில் நானே கேட்கும் கேள்வி என்று உறைத்தது. யாராவது புதிதாக ஓர் அலர்ட் வைக்க வந்தால், “இது அடிச்சா யார் என்ன செய்யணும்?” என்று கேட்பேன். பதில் இல்லையென்றால் அலர்ட் வேண்டாம் என்பேன். அம்மா கேட்டதும் அதைத்தான். ‘சும்மா தெரிஞ்சுக்கத்தான்’ என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததன் அடியில், சொல்லாத ஒரு முடிவு இருந்தது.

தெரிந்துகொண்டு பெற்றுக்கொள்வதற்கும் காரணம் உண்டு. டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். எங்கே பிரசவம், பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று முன்பே ஏற்பாடு செய்யலாம். மனசையும் தயார் செய்யலாம். ஆனால் நான் அதற்காகவா தெரிந்துகொள்ள விரும்பினேன்?

ஸ்கேன் சென்டரில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழி. சுவரிலும் போர்டு மாட்டியிருக்கும். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அது. தெரிந்தால் என்ன செய்வோம் என்று நாட்டுக்குத் தெரியும். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் வைத்த மாநிலம் இது. தகவல் எப்போதும் நல்லது என்பதை நம் சட்டமே ஒப்புக்கொள்ளவில்லை. அதே சட்டம், குரோமோசோம் கோளாறுகளைத் தேடுவதை அனுமதிக்கிறது. அதற்கான காரணங்களில் முதலாவதாக வருவது, தாயின் வயது 35ஐத் தாண்டியிருப்பது.

ஒன்றைப் பார்க்கக் கூடாது, மற்றதைப் பார்க்கலாம். என்ன வித்தியாசம்? பெண்ணாய்ப் பிறப்பதில் உடம்பில் ஒரு குறையும் இல்லை, கஷ்டம் முழுக்க ஊர் தருவது என்று நான் சுலபமாகச் சொல்வேன். டவுன் சிண்ட்ரோமில் இதயம், தைராய்டு, மெதுவாக வரும் பேச்சு எல்லாம் உடம்பில் இருப்பவை. சரி. ஆனால் அந்த இரண்டு ராத்திரியும் நான் இதயத்தை நினைத்தா தூங்காமல் கிடந்தேன்? பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா, அபார்ட்மென்ட்டில் என்ன பேசுவார்கள், எங்களுக்குப் பிறகு யார். என் பயத்தில் பெரும்பகுதி ஊரைப் பற்றியது.

அப்படியென்றால் ஊரைத்தான் மாற்ற வேண்டும், கருவை அல்ல என்று முடித்திருக்கலாம். டென்மார்க் அதற்கு இடம் தரவில்லை. பள்ளியும் பராமரிப்பும் அரசு பார்த்துக்கொள்ளும் நாடு. 2004இலிருந்து வயது பார்க்காமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அங்கே இந்த ஸ்கிரீனிங்கைத் தருகிறார்கள். உறுதியானவர்களில் பெரும்பாலோர் கலைக்கவே முடிவு செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல். ஆக, என் பயம் முழுவதையும் ஊர் தலையில் கட்டிவிட முடியாது.

எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கு முப்பத்தொன்பது வயதில் பிறந்த மகன் ஒருவர் உண்டு. டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் எங்கள் தெருவுக்குத் தெரியாது. எனக்கு அண்ணன் முறை, ஆனால் நாற்பது தாண்டியும் ஊருக்கே அவர் ‘தம்பி’. எல்லா வீட்டிலும் காபி குடிப்பார், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். பெரியம்மா ஒருமுறை என் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. “எனக்கு முந்தி அவன் போயிரணும்னுதான் தெனமும் கும்புடுதேன். பெத்தவ கும்புடுத கும்புடா இது?”

அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983இல் 25 வருஷம். இன்று சுமார் 60. மருத்துவத்தின் வெற்றி. எனக்கு அது வேறு கணக்கையும் காட்டியது. குழந்தைக்கு 40 ஆகும்போது எனக்கு 78. ரிப்போர்ட்டில் என் வயது ஒருமுறைதான் வருகிறது, வாய்ப்பைக் கூட்டுவதற்காக. அதற்குப் பிறகு நான் எத்தனை வருஷம் கூட இருப்பேன் என்ற இடத்தில் அதே வயது இன்னொரு முறை வருகிறது. இந்த இரண்டாவதை எந்த மென்பொருளும் கணக்கில் எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு, ரத்தம் கொடுக்கும் முன்பே முடிவெடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஆளுக்கொரு தாள். உறுதியானால் என்ன செய்வது என்று ஒருவர் பார்க்காமல் ஒருவர் எழுதினோம். அவர் ‘பெத்துக்கலாம்’ என்று எழுதியிருந்தார். நான் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன்.

வெகுநேரம் பேசினோம். அவருடைய பதிலில் இருந்த அன்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வேலையை விடப்போவது யார் என்ற வரி அதில் இல்லை. கடைசியில் அவர், “உன் உடம்பு, உன் முடிவு. நீ என்ன சொன்னாலும் கூட இருப்பேன்” என்றார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கருக்கலைப்புக்குப் பெண்ணின் சம்மதம் போதும், கணவனின் சம்மதம் தேவையில்லை. அந்த உரிமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். அப்படியும், அன்றைக்கு அந்த வாக்கியம் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

ஒன்பது நாள் கழித்து என்.ஐ.பி.டி. முடிவு வந்தது. ‘லோ ரிஸ்க்’. அம்னியோ வரை போகவில்லை. அழுதேன். எந்தப் பதிலுக்காக அந்த நிம்மதி என்பது கொஞ்சம் பிறகுதான் புரிந்தது. குழந்தைக்காக மட்டும் இல்லை, நான் எழுதிய சொல்லைச் செய்துகாட்ட வேண்டிய நாள் வரவில்லையே என்பதற்காகவும். அது சரியான சொல்லா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அது என் கையெழுத்து. எண் எழுதியது, டாக்டர் எழுதியது, சட்டம் எழுதியது என்று யார் மேலும் போட முடியாது. ஆபீஸில் தோழிகள் “டெஸ்ட் எடுக்கலாமா?” என்று கேட்கும்போது நான் ஆமாம் இல்லை என்று சொல்வதில்லை. அம்மாவின் கேள்வியைக் கொடுக்கிறேன். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின ராத்திரியே அதைக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது ஊருக்குப் போனோம். பெரியம்மா வீட்டுத் திண்ணையில் அண்ணன் அவளை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பெரியம்மா கேட்டார், “இப்பல்லாம் முன்னாடியே பாத்துச் சொல்லிருதாகளாமே?”

“ஆமா பெரியம்மா.”

அவர் மகனைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

“எனக்குச் சொல்லியிருந்தா, என்ன செஞ்சிருப்பேனோ.”

அதை எனக்குப் பதிலாகச் சொன்ன மாதிரி இல்லை. நாற்பத்தைந்து வருஷம் கூடவே இருந்து வளர்த்த பிறகும் அவருக்கு அது கேள்வியாகத்தான் இருந்தது.