பிறர்க்காகப் பேசுவோர் கடன்

தம் குறையைத் தாமே எடுத்துரைக்கமாட்டாத ஒருவர்க்காகப் பேசப்புகுவோர், தமக்கு நன்றென்று தோன்றியதைப் பேசுதல் வேண்டுமோ? அன்றி, அவர் விரும்பியதைப் பேசுதல் வேண்டுமோ? சிறிதுபோலத் தோன்றும் இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், முதியோரில்லங்களில் வாழ்வோரின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் ஒம்புட்ஸ்மன் முறை 1972 ஆம் ஆண்டிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் அதனை எல்லா மாநிலங்கட்குங் கடமையாக்கிற்று. வேதனம் பெறாத தொண்டர் பலரும் பயிற்சி பெற்று அம்முறையிற் பணிபுரிகின்றனர். அவர்க்கு இல்லத்தோடு பொருட்டொடர்பு யாதுமில்லை. அச்சார்பின்மையே அவர் சொல்லுக்கு வலிமையாம். உணவு ஆறியபின் வருகின்றதா, அழைப்புமணி கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றதா, மணியடித்தால் ஆள் வருகின்றதா என்பவற்றை அவர் நேரிற் கண்டும் கேட்டும் அறிவர்.

மூதாட்டியொருவர் தம் குறையைத் தொண்டரிடங் கூறியபின், "இதனை மேலிடத்திற் சொல்லிவிடாதீர், நாளைக்கும் இவர்கள் கையாலன்றோ யான் உண்ணவேண்டும்!" என்று வேண்டுகின்றாரெனக் கொள்வோம். அவர் இசைவின்றி அவர் பெயரையும் குறையையும் வெளியிடலாகாதென்பது அம்முறையின் விதி.

அற்றேல், குற்றங் கண்டும் வாளாவிருத்தல் அக்குற்றத்துக்கு உடந்தையாதலன்றோ எனின், அற்றன்று. தொண்டர் வாளாவிருப்பவரல்லர். மறுபடியுஞ் செல்வர்; மூதாட்டியார்க்குள்ள உரிமைகளை விளக்குவர்; முறையிட்டமைபற்றி ஒருவரைத் துன்புறுத்தல் சட்டத்துக்கு மாறென்று தெரிவிப்பர்; தாமே கண்கூடாகக் கண்ட பொதுக்குறைகளை, எவர் பெயரையுஞ் சுட்டாது தீர்க்க முயல்வர். முடிவு மாத்திரம் மூதாட்டியாருடையது. வீட்டையும் முற்றத்தையும் விட்டு வந்தவர்க்கு எஞ்சியிருப்பவை "வேண்டும்", "வேண்டா" என்னும் இரண்டு சொற்களே. அவரைக் கேளாது அவர்பொருட்டுப் பேசுவோர், அவ்விரண்டையும் பறித்தவராவர்.

மறதிநோயால் அறிவு மயங்கினார்க்கு விருப்பமும் உண்டோ எனின், உண்டு. உணவை விலக்குங் கையும், ஒருவரைக் கண்டு மலரும் முகமும் விருப்பத்தையே உணர்த்துகின்றன. முன்னாளில் அவர் வாழ்ந்த வாழ்வும் அதற்குச் சான்றாகும்.

ஆசிரியத்தொழில் புரியும் நாம், சிறுவர்க்கு நன்மை இஃதென நாமே துணிந்து பழகியுள்ளோம். அப்பழக்கத்தை முதியோர்மாட்டுக் கொண்டுசெல்லல் தகாது. முதுமை இரண்டாங் குழந்தைப்பருவமென்பர். உடற்றளர்ச்சிபற்றி அது பொருந்தினும், எண்பதாண்டு வாழ்ந்து தெளிந்த உள்ளத்துக்குப் பொருந்தாது.

இலங்கையிலும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், முதியோருரிமைகளைக் காத்தற்பொருட்டுத் தேசிய சபையொன்றை நிறுவிற்று. ஆயினும், சட்டம் கட்டிலருகே சென்று அமராது. மனிதரே சென்று அமர்தல் வேண்டும். விடுமுறைநாளில் முதியோரில்லஞ் செல்லும் ஆசிரியர் பழமும் உடையுங் கொண்டுசெல்லல் நன்றே. அவற்றைக் கொடுக்குமுன், "தங்கட்கு யாது வேண்டும்?" என்று வினாவி, விடை வருமளவும் பொறுத்திருப்பாராக.