தீங்கு செய்யாமை போதுமா?

பிறர்க்குத் தீங்கு செய்யாத இன்பத்தை அறவோர் எவரும் கடிந்ததில்லை. ஒரு பறவையைப் பிடிக்காமல், கல்லெறியாமல், அதன் உறக்கத்தைக் கெடுக்காமல் எட்ட நின்று பார்த்து மகிழ்வது அத்தகைய இன்பங்களுள் தலையாயது என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் முற்றும் சரிதானா என்று ஐயுறும்படி ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. அதனை முன்வைத்துச் சில கருத்துகளை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

திருவனந்தபுரத்தின் தென்புறத்தே வெள்ளாயணிக் காயல் உள்ளது. கேரளத்தின் நன்னீர் ஏரிகளுள் சாஸ்தாங்கோட்டை, பூக்கோடு ஆகியவற்றோடு வைத்து எண்ணப்படுவது அது. அதனை அடுத்துப் புஞ்சக்கரி வயல்கள் பரந்து கிடக்கின்றன. நெல்லும் வாழையும் பயறும் விளையும் நிலம். வாய்க்காலும் தாமரையும் நாணலும் உடைய நிலம். நம் முன்னோர் மருதம் என்று வகுத்த திணையைக் கண்ணால் காண வேண்டுமாயின், தலைநகரில் வாழும் தமிழர் அங்கே சென்றால் போதும். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் நீலத் தாழைக்கோழியும் அங்கே நாள்தோறும் காணக் கிடைப்பன. குளிர்காலத்தில் தொலைநாட்டு விருந்தினரும் வருவதுண்டு.

ஞாயிறுதோறும் விடியலில் மிதிவண்டியில் அவ்வயல்வழி செல்வது நம் வழக்கம். அலுவல் நாட்களில் கோப்புகளுக்கிடையே குனிந்திருக்கும் மைய அரசு எழுத்தர் ஒருவர்க்கு இதனினும் உயர்ந்த ஓய்வு வேறில்லை. மிதிவண்டி ஓசையின்றிச் செல்வது; புகையில்லாதது. வேண்டிய இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்றுவிடலாம். ஆயின், அதே வழியில் மோட்டார் வண்டிகள் விரைந்து ஒலியெழுப்பி வருங்கால், வரப்பில் நின்ற நாரைகள் ஒருங்கே எழுந்து பறந்துவிடும். ஆகவே, விடுமுறை நாட்களிலேனும் காலை வேளையில் அவ்வழியில் மோட்டார் வண்டிகளை முற்றும் தடை செய்ய வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கருதினர். விண்ணப்பம் வரையும் பணி நம்மிடம் வந்தது. எழுதிப் பழகிய கையன்றோ! ஒரே மாலையில் எழுதி முடித்தோம்.

அடுத்த ஞாயிறன்று, அங்கே பயிர் செய்யும் முதியவர் ஒருவரிடம் அதனைப் படித்துக் காட்டி, அவர் கையொப்பத்தையும் வேண்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார்; பின்னர்ச் சொன்னார்: “சாரே, நீங்கள் பார்க்க வருகிற அந்த நீலக்கோழிதான் என் நாற்றைப் பிடுங்கிப் போடுவது. அதற்கு நான் யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. இப்போது என் டில்லரையும் காய் ஏற்றும் வண்டியையும் வரவேண்டாம் என்கிறீர்களா?”

நம்மிடம் மறுமொழி இல்லை. திரும்பும் வழியில் மற்றொன்றும் கண்ணிற் பட்டது. நம் நண்பருள் இருவர் தத்தம் மிதிவண்டிகளைக் காரின்மேல் கட்டிக்கொண்டு வந்து, வயலின் தலைப்பில் இறக்கி, அங்கிருந்தே மிதித்து வந்தவர்கள்! மோட்டாரின் ஓசையை நாம் ஒழிக்கவில்லை. நமக்குக் கேளாத தொலைவில் நிறுத்தி வைத்தோம், அவ்வளவே.

இவ்வினா நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இராசத்தானத்துப் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவை அன்பர் பலர் அறிவர். ஏறத்தாழ 29 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய அந்நீர்நிலம் ஒரு காலத்தில் மன்னர்களின் வேட்டைக் களமாக இருந்தது. 1938ஆம் ஆண்டில், வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில், ஒரே நாளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் சுடப்பட்டன. பின்னர் அது பறவைகளின் புகலிடமாயிற்று. 1981இல் இராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும், 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. துப்பாக்கி ஏந்தியோர் சென்ற வழிகளில் இன்று பார்வையாளர் மிதிவண்டியிலும் ரிக்ஷாவிலும் செல்கின்றனர். பறவைகளின் பெயரும் இருப்பிடமும் நன்கறிந்த ரிக்ஷாக்காரர்களே வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். வேட்டைக் கண் காட்சிக் கண்ணாக மாறியது ஒழுக்க வரலாற்றில் சிறிய செய்தியன்று.

ஆயினும், அவ்வமைதிக்கு ஒரு விலை உண்டு. 1982இல் அங்கே கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. வழிவழியாக எருமைகளை அங்கே மேய்த்து வந்த சுற்றுப்புற ஊரார் எதிர்த்தெழுந்தனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. பறவையைச் சுடுவதை விடுத்த நிலத்தில் மனிதர் சுடப்பட்டனர்! அத்துடன் நின்றதா? எருமைகள் விலகியதும் ஒருவகைப் புல் மண்டி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடலாயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் நடத்திய நீண்ட ஆய்வு, மேய்ச்சல் அந்நீர்நிலத்துக்குத் துணையாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தது. பின்னாளில் ஊரார் புல்லறுத்துச் செல்ல இசைவளிக்கப்பட்டனர். தீங்கு என்று எண்ணி நீக்கிய எருமையே அந்நிலத்தின் காவலுக்கு ஒரு வகையில் உதவி வந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான காட்சி நம் தமிழகத்து வேடந்தாங்கலில் உண்டு. அவ்வூரார், தம் ஏரிப் பறவைகளைச் சுட்டுக் கொன்ற வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்க வேண்டிப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு ஆணை பெற்றனர் என்பது வரலாறு. அவர்கள் பறவையைக் கண்டு களிக்க மட்டும் காத்தவர்கள் அல்லர். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் தம் வயலுக்கு உரமாவதை அறிந்து காத்தவர்கள். அங்கே காவலும் வாழ்வும் பகையாக நிற்கவில்லை.

இங்கு ஒரு தடை எழலாம். ‘உழவர்க்கு விலக்கு, வண்டியோட்டிக்கு விலக்கு என்று அளித்துக்கொண்டே போனால், வாய் பேசா உயிர்களுக்காக வாதிடுவார் யார்?’ என்று நண்பர் ஒருவர் சினந்து கேட்டார். நேர்மையான கேள்வி. பறவைக்கு அமைதி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயின், அவ்வமைதிக்காக விட்டுக்கொடுக்க வேண்டியவர் முதற்கண் யார் என்பதே கேள்வி. பிழைப்புக்காக அவ்வழியில் வருபவர்க்கு அது வாழ்வு. பொழுதுபோக்க வருபவர்க்கு அது விருப்பம். விருப்பம் வாழ்வுக்கு வழிவிடுதல் முறை; வாழ்வை விருப்பத்துக்கு வழிவிடச் சொல்லுதல் முறையன்று.

திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்த முறை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. இன்னா செய்யாமை, கொல்லாமை ஆகியவற்றை அவர் துறவறவியலில் வைத்தார். ஒப்புரவறிதலையோ இல்லறவியலில் வைத்தார். இல்வாழ்வானுக்கு இன்னா செய்யாமை வேண்டா என்பது இதன் பொருளன்று. ஆனால், அதனோடு அவன் கடமை முடிந்துவிடுவதில்லை என்று நாம் இதிலிருந்து கொள்ளலாம். உலகில் உண்டும் உடுத்தும் கண்டும் களித்தும் வாழ்பவன் பிறர்க்குக் கடன்பட்டவன். காணும் இன்பத்துக்கும் ஒரு கடன் உண்டு. புஞ்சக்கரியில் நாம் காணும் நாரை வயலால் வாழ்கிறது. வயல் உழவரால் வாழ்கிறது. நெல்வயலையும் நீர்நிலத்தையும் தூர்க்கலாகாது என்று 2008ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் விதிக்கின்றது. நல்ல சட்டம், ஆயினும், அண்டை நிலம் மனையாக விலைபோகையில் தம் நிலத்தை வயலாகவே வைத்திருப்பவரின் இழப்பால்தான் நம் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி நிலைபெறுகின்றது. அவர்க்கு நாம் இதுவரை செலுத்தியது என்ன? மிதிவண்டியின் அமைதி ஒன்றே!

எனவே விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினோம். உழவு வண்டிகளுக்கும் அங்கு வாழ்வோரின் வண்டிகளுக்கும் தடையில்லை. உலா வருவோரின் மோட்டார் வண்டிகள் மட்டும் வயலுக்கு வெளியே நிற்க வேண்டும். பறவையால் நாற்று இழப்போர்க்கு ஈடு வழங்க வேண்டும் என்று சேர்த்தோம். நண்பருள் சிலர் கையொப்பமிட்டனர். சிலர், ‘இது பறவைகளுக்கான மனுவா, உழவர்களுக்கான மனுவா?’ என்று கேட்டு விலகிக்கொண்டனர். முதியவர் இம்முறை கையொப்பமிட்டார். ‘ஈடு கிடைக்குமென்று நம்பிப் போடவில்லை, கேட்டீர்களே, அதற்காகப் போடுகிறேன்’ என்றார்.

மனு அதற்குரிய மேசையில் இருக்கின்றது. மேசைகளின் இயல்பு நாம் அறியாததன்று! இதற்கிடையில், அவர் வயற்பயற்றை ஞாயிறுதோறும் அவர் சொல்லும் விலைக்கு வாங்கி, மிதிவண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருகின்றோம். கடன் இதனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். கடன் உண்டு என்பதை அந்தப் பையின் கனம் வீடு சேரும்வரை நினைவூட்டிக்கொண்டே வருகின்றது.