எந்த வேலை முதலில்? திருக்குறிப்புத் தொண்டர் காட்டும் வழி



கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குவதற்குள்ளேயே வாட்ஸ்அப்பில் வேலை வந்து குவிந்துவிடுகிறது. மேனேஜர் ரிப்போர்ட் கேட்கிறார். பக்கத்து டிபார்ட்மெண்டிலிருந்து 'அர்ஜண்ட்' என்று போட்டு மூன்று ஈமெயில். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மெண்ட். பகுதி நேரப் படிப்புக்கு அசைன்மெண்ட். சாயங்காலம் கோயில் இளைஞர் பகுதிக் கூட்டம். எல்லாமே முக்கியம், எல்லாமே இன்னைக்கே வேணும். இதில் எதை முதலில் செய்வது, எதை விடுவது?

சமய வகுப்பு முடிந்ததும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "சமயக் கேள்வி இல்லைதான், இருந்தாலும் கேக்கிறேன்" என்று கூச்சத்தோடு ஆரம்பிப்பார்கள். ஏன் கூச்சம்? இது சமயக் கேள்வியேதான். அறுபத்து மூவரைப் பாருங்கள். திருநீலகண்டர் குயவர். அதிபத்தர் மீனவர். நேச நாயனார் நெசவாளர். குலச்சிறையார் பாண்டிய நாட்டு அமைச்சர். தொழிலை விட்டுவிட்டு வந்துதான் என்னைக் கும்பிட வேண்டும் என்று இறைவன் இவர்களிடம் சொல்லவில்லை. தொழில் செய்த இடத்துக்கே அவன் போனான். அவர்களில் ஒருவர், இன்று நீங்கள் மாட்டிக்கொண்டு தவிக்கும் அதே இடத்தில் தவித்தவர். அவர்தான் காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளி, திருக்குறிப்புத் தொண்ட நாயனார்.

ஒரு துணி, ஒரு வாக்கு, ஒரு மழை

அடியார்களின் துணிகளை வெளுத்துத் தருவது இவருடைய தொண்டு. ஒருவர் வாய் திறப்பதற்கு முன்னே அவருடைய மனக்குறிப்பை அறிந்து செய்வார். அதனாலேயே இந்தப் பெயர்.

குளிர்காலத்தில் ஒரு நாள், மெலிந்த உடம்போடு ஏழை அடியார் ஒருவர் வந்தார். உடுத்தியிருந்தது அழுக்கேறிய ஒரே கந்தை. வந்தவர் சிவபெருமான் என்று நாயனாருக்குத் தெரியாது. "இதைக் கொடுங்க சாமி, வெளுத்துத் தர்றேன்" என்று கேட்டார். "குளிர் தாங்காமல் இதை விடாமல் போர்த்தியிருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் துவைத்து உலர்த்தித் தர முடியுமென்றால் கொண்டு போ" என்றார் அடியார். நாயனார் ஒப்புக்கொண்டார்.

துணியைத் துவைத்தார். வெள்ளாவியில் வைத்து எடுத்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. விடும் விடும் என்று பார்த்தார், விடவில்லை. பொழுது சாய்ந்தது, துணி ஈரமாகவே இருந்தது. மனம் உடைந்துபோய், துவைக்கும் கல்லிலேயே தன் தலையை மோதினார். கல்லுக்குள்ளிருந்து இறைவனின் கை வெளிப்பட்டு அவரைப் பிடித்துத் தடுத்தது. அம்மையும் அப்பனும் காட்சி கொடுத்தார்கள்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு இன்னொரு தடவை கேளுங்கள். இதில் மூன்று பாடம் இருக்கிறது.

முதல் பாடம்: யாருக்குக் குளிரும்?

நாயனார் எதற்காகக் கலங்கினார்? தன் பெயர் கெட்டுவிடுமே என்றா, சொன்ன நேரம் தப்பிவிட்டதே என்றா? பெரியபுராணத்தில் அந்த இடத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு பெரியவர் உடம்பு குளிரில் நடுங்கும், அந்தத் தீங்குக்கு நான் காரணமாகிவிட்டேன் என்பதுதான் அவருடைய வேதனை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது காலக்கெடு இல்லை, ஒரு மனிதர்.

எது முக்கியம் என்று பிரிக்க நமக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை நான் இன்று செய்யாவிட்டால் யாருக்குக் குளிரும்? சம்பளப் பட்டியலை முடிக்கும் வேலை உங்களிடம் இருந்தால், அது ஒரு நாள் பிந்தினால் நூறு குடும்பத்துக்குக் குளிரும். போர்ட் கிள்ளான் கிடங்கில் ஒரு பத்திரம் கையெழுத்தாகாமல் கிடந்தால் லோரி டிரைவர் வெயிலில் காத்திருப்பார். அடுத்த மாதம் நடக்கும் மீட்டிங்குக்கு ஸ்லைடு வண்ணம் மாற்றும் வேலைக்கு 'அர்ஜண்ட்' என்று போட்டிருந்தாலும் அதனால் யாருக்கும் குளிராது. அம்மாவின் அப்பாயின்ட்மெண்டுக்கு யாரும் 'அர்ஜண்ட்' என்று ஈமெயில் போடமாட்டார்கள். ஆனால் அங்கே குளிரும். சத்தம் போட்டு வரும் வேலை வேறு, சத்தமில்லாமல் காத்திருக்கும் வேலை வேறு. கேட்காதவர் குறிப்பையும் அறிந்தவர் என்பதால்தான் அவர் 'குறிப்புத்' தொண்டர்.

வள்ளுவரும் 'வினைசெயல்வகை' என்ற 68ஆம் அதிகாரத்தில் இதைத்தான் பிரித்துக் காட்டுகிறார். ஆறப்போட்டுச் செய்ய வேண்டிய காரியத்தை ஆறப்போடலாம். ஆறப்போடக் கூடாததை ஆறப்போடாதே என்கிறார். தாமதமே கூடாது என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். எதைத் தாமதிக்கலாம் என்று தெரிவதும் ஒரு திறமை.

இரண்டாம் பாடம்: மழைக்கு முன்னே

மழை விடாதபோது நாயனார் மனத்தில் ஓடியதாகச் சேக்கிழார் சொல்வது இது: முதலிலேயே துவைத்து, வீட்டுக்குள் காற்றாட உலர்த்தியிருக்கலாமே, அது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே! சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அலுவலகம் தெரிந்தவருக்குத்தான் இப்படி ஒரு வரி தோன்றும்.

மழையை நாயனாரால் நிறுத்த முடியாது. துணியை எப்போது துவைப்பது, எங்கே காயப்போடுவது என்பது அவர் கையில் இருந்தது. நம் மழைகளில் பாதி நாள்காட்டியிலேயே இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிறார்கள் என்பது திடீர்ச் செய்தியா? தைப்பூசம் எந்தத் தேதி என்று பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அன்று பொது விடுமுறைதான். ஆனாலும் ஆஸ்பத்திரியிலும் துறைமுகத்திலும் ஷிப்டு வேலை செய்பவர்களுக்கு அது தானாகக் கிடைக்காது. காவடி எடுக்க வேண்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு முன்னே கேட்டு, அதற்கு ஈடாக இன்னொருவருடைய பண்டிகை நாளில் நான் வருகிறேன் என்று சொல்லி வைக்க வேண்டும். முதல் நாள் போய் நின்று, "சாமிக்குக் கூட லீவு தரமாட்டேங்கிறாங்க" என்று வருத்தப்பட்டால் சாமி என்ன செய்வார்?

முன்கூட்டியே செய்வதில் இலக்கும் அடங்கும். இலக்கு என்றால் நம்மில் பலர் பலனை மட்டும் எழுதுகிறோம்: இந்த வருஷம் பிரமோஷன், அடுத்த வருஷம் வீடு. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனிடம், உனக்கு உரிமை செயலில்தான், பலனில் இல்லை என்கிறார். இலக்கே வைக்காதே என்பது இதன் பொருள் அல்ல. உன் கையில் இருப்பதை இலக்காக வை என்பது பொருள். பிரமோஷன் இன்னொருவர் கையெழுத்தில் இருக்கிறது. ஆறு மாதத்தில் அந்தக் கணக்கியல் பாடத்தை முடிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனில் நடக்காத பிள்ளைகள் நம்மில் குறைவு. அந்தப் பெயருக்கு உரியவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், பால்மரம் வெட்டிப் பிழைத்த நம் தாத்தா பாட்டிகள் வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்தார்கள். துன் வீ.தி. சம்பந்தன் அப்போது அமைச்சர், ம.இ.கா.வின் தலைவர். அவருக்கு வேலை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் யாருக்குக் குளிர்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி சேருங்கள் என்று கேட்டார். மறு வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தோட்டம் விற்பதை ஒரு தொழிலாளியால் நிறுத்த முடியாது. மாதம் பத்து வெள்ளி போடுவது அவர் கையில் இருந்தது. பெரிய இலக்கைக் கைக்கு எட்டும் அளவாக நறுக்கிக் கொடுத்தார் சம்பந்தன்.

மூன்றாம் பாடம்: தடுத்த கை

இந்தக் கதையைத் தவறாகப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வேலை முடியவில்லை என்றால் தலையை மோதிக்கொள்ள வேண்டும் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை லேப்டாப், எம்.சி. எடுக்கவும் பயம், தூக்கம் போய், கடைசியில் நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு. தம்பி, தங்கச்சி, கதையின் முடிவை மறந்துவிடாதீர்கள். இறைவன் அந்தத் தலையைக் கேட்கவில்லை. கல்லைப் பிளந்து கை நீட்டித் தடுத்தான். முடியாமல் போன வேலைக்கு உயிரை விலையாகக் கேட்கிறவன் நம் சிவன் இல்லை. நாயனார் மனம் சுத்தம் என்பது துணி காய்வதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரியும்.

வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் ஓர் உவமை சொல்கிறார். மயிலிறகு எவ்வளவு லேசு! அதையே அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். உங்கள் மேசையிலும் ஒவ்வொரு வேலையும் "அஞ்சு நிமிஷந்தான், செஞ்சு குடுத்துரு" என்றுதான் வருகிறது. ஒவ்வொன்றும் மயிலிறகு. அச்சு நீங்கள்.

அதனால் ஏற்றுவதற்கு முன்னே பேசுங்கள். முடியாது என்று முகத்தில் அடிக்க வேண்டாம். "பாஸ், இந்த மூணும் என்கிட்ட இருக்கு. ரெண்டுதான் இன்னைக்கு முடியும். எது முதல்ல வேணும்?" என்று கேளுங்கள். நல்ல மேலாளர் இதற்குக் கோபிக்கமாட்டார். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48இலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. வேலை நேரத்தை, நாளை, இடத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் வழி வந்திருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது உதவும்.

அதையும் மீறிப் பாரம் அழுத்தினால் வீட்டில் ஒருவரிடம், நண்பரிடம், வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள பிஃபிரெண்டர்ஸ் அமைப்பினர் 03-76272929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். இறைவனின் கை எப்போதும் கல்லுக்குள்ளிருந்துதான் வரும் என்றில்லை. சில சமயம் அது ஒரு மனிதர் குரலாகவும் வரும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

காலையில் திருநீறு இட்டு விளக்கின் முன் நிற்கும்போது, கைப்பேசியைத் தொடுவதற்கு முன், ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதுங்கள். இன்று நான் செய்யாவிட்டால் யாருக்குக் குளிரும்? வரப்போகும் எந்த மழைக்கு இன்றே துவைத்து வைக்கலாம்? எந்த மயிலிறகை இன்று ஏற்றாமல் விடலாம்? இரவு படுக்கும் முன் அதே தாளை எடுத்துப் பாருங்கள். முடிந்ததற்கு நன்றி சொல்லுங்கள். முடியாததை அவன் காலடியில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். நாளைக்கு வேலை இருக்கும். நாமும் இருக்க வேண்டும்.

காஞ்சியில் ஒரு கல்லருகே கை நீட்டியவன் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் உழைக்கும் நம் பிள்ளைகளையும் தாங்கிப் பிடிக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.