கல்லின் மெருகும் கல்பின் துருவும்



நான் ஆலிம் அல்லன். ஓதிய மதரஸாவும் படித்த ஆரம்பப் பள்ளியும் போக, மீதியைக் கடைப்பலகையில் உட்கார்ந்து கற்றவன். வெள்ளி மோதிரமும் அகீக்குக் கல்லும் விற்கிறேன். ஆகையால் கல்லைக் கொண்டே பேசுகிறேன்.

நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள் என்றும், அதன் கல் அபிசீனியக் கல் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அகீக்கு அணிந்தால் ரிஜ்கு கூடும் என்று சொல்லி நான் விற்பதில்லை. அப்படிச் சொல்லும் ரிவாயத்துகளை ஹதீஸ் கலை வல்லார்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கல் அழகு, அவ்வளவுதான்.

பட்டை தீட்டாமல், மேற்புறத்தை முட்டை முதுகு போலத் திரட்டி, அடிப்புறத்தைத் தட்டையாக விட்ட கல்லுக்குக் கபோஷான் என்று பெயர். குஜராத்தில் காம்பே என்கிற கம்பாத்து நகரம் இந்த வேலைக்குப் பேர்போனது. ரத்தன்பூர்ப் பக்கம் தோண்டிய கல்லை வெயிலில் காயவைத்துச் சூடு காட்டினால் சிவப்பு ஏறும். முற்காலத்தில் மெருகேற்ற, கல்லையும் குருந்தப் பொடியையும் தோல் பையில் இட்டுக் கட்டி, இரண்டு ஆட்கள் எதிரெதிரே நின்று நாள் கணக்கில் இழுத்து உருட்டுவார்கள். அங்கே சாணை பிடிக்கும்போது பறக்கும் தூசு நெஞ்சில் படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் மாண்ட தொழிலாளிகள் பலர். மொத்த வியாபாரியிடம் ஐந்து காசுக்கு வாதாடும்போது எனக்கு இது நினைவுக்கு வர வேண்டும், எப்போதும் வருவதில்லை.

அந்தத் தோல் பையின் வேலையைச் செய்ய இன்று ஒரு மின்சார உருட்டுப் பீப்பாய் இருக்கிறது. டம்ப்ளர் என்பார்கள்; தேநீர் குடிக்கும் டம்ளர் அல்ல! மூன்று ராத்தல் கொள்ளும் ரப்பர்ப் பீப்பாய் ஒன்று வாங்கிக் கடையின் பின்கட்டில் வைத்தேன். சாணையில் வடிவம் பிடித்து மெருகேறாத கபோஷான் மலிவாகக் கிடைக்கும். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கல், இடையில் அடிபடாதிருக்கப் பிளாஸ்டிக் மணிகள், கல்லின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் தண்ணீர், அத்துடன் பொடி. முதலில் 220-ஆம் எண் சிலிக்கன் கார்பைடு, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்ஸைடு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாரம் இரவும் பகலும் உருள வேண்டும். ஒரு பொடியிலிருந்து மறு பொடிக்குப் போகுமுன் கல், பீப்பாய், மூடியின் விளிம்பு எல்லாவற்றையும் அலச வேண்டும். முந்திய பொடியில் ஒரு மணி ஒட்டியிருந்தாலும் மெருகு பாழ். (அந்தச் சேற்றை மட்டும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் சிமெண்டாய் இறுகிவிடும்.)

பெருநாள் வியாபாரத்துக்காக 23 கற்களைப் போட்டேன். அதில் ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்தது. எனக்குத் தெரியும். நல்ல செந்நிறம், எறிய மனம் வரவில்லை. உருளட்டும், மெருகில் மறைந்துவிடும் என்று போட்டேன். விரிசல் மறையவில்லை. அதற்குள் புகுந்துகொண்ட 220-ஆம் பொடியை நான் அலசிய தண்ணீர் எட்டவில்லை. கடைசி வாரத்தில் அது உதிர்ந்து, மற்ற 22 கற்களையும் கீறிவிட்டது.

எடுத்துப் பார்த்தபோது எல்லாம் பளபளத்தன, ஈரத்தில் அப்படித்தான் இருக்கும். காய்ந்ததும் புகை படிந்த கண்ணாடி ஆயின. அப்போது நப்ஸு ஒரு யோசனை சொன்னது: எண்ணெய் தடவினால் ஈரத்தின் பளபளப்பு நிற்குமே! ஒரு கல்லில் தேங்காய் எண்ணெய் தடவித் தட்டில் வைத்தேன்.

ஜும்ஆ முடிந்து ஒரு பெரியவர் வந்தார். மகளின் நிக்காஹ்வுக்கு மருமகனுக்கு மோதிரம் வேண்டுமாம். அந்தக் கல்லைத்தான் எடுத்தார். விலை கேட்டார், சொன்னேன். பணப்பையைத் திறந்துவிட்டார்.

சகோதரர்களே, நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மழையில் நனைந்தது என்று விற்பவர் சொல்ல, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட செய்தி நமக்கெல்லாம் தெரியும். ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவன் அல்லன் என்றும் சொன்னார்கள். அந்த வியாபாரி ஈரத்தை உள்ளே மறைத்தார், நான் மேலே பூசினேன்.

“மாமா, கொஞ்சம் பொறுங்கள்” என்று கல்லை வாங்கிக் கைலி முனையால் அழுத்தித் துடைத்துக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, துடைக்காமல் கொடுத்திருந்தால் நல்ல கல் என்றே போயிருப்பேன்” என்றார். வாங்காமல் போய்விட்டார். அன்று வேறு வியாபாரமும் நடக்கவில்லை.

அடியான் பாவம் செய்தால் கல்பில் ஒரு கரும்புள்ளி விழுகிறது, விலகித் தௌபா செய்தால் கல்பு மெருகேறுகிறது, திரும்பத் திரும்பச் செய்தால் புள்ளி பெருகி மூடிவிடுகிறது என்று ஹதீஸில் வருகிறது. இதுவே குர்ஆன் சொல்லும் துரு என்றும் அதிலேயே உண்டு. அந்தத் துருவைப் பற்றிய ஆயத்து எந்த சூராவில் இருக்கிறது? 83-ஆம் சூராவில், 14-ஆம் ஆயத்து. அளவில் குறைப்போருக்குக் கேடு என்று தொடங்கும் முதஃப்பிஃபீன் சூரா அது! சிறு வயதில் மனப்பாடம் செய்தேன். தராசைப் பற்றிய அத்தியாயத்திலேயே கல்பின் துருவையும் வைத்திருக்கிறான் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன்.

22 கற்களையும் சோப்புப் போட்டுப் பிரஷால் தேய்த்து, மறுபடி 500-ஆம் பொடியில் போட்டிருக்கிறேன். வரும் வியாழக்கிழமை திறக்க வேண்டும். விரிசல் கல் கல்லாப்பெட்டியில் சில்லறையோடு கிடக்கிறது.

வஸ்ஸலாம்.